இடது இறக்கையில் ஒரு புடவைத்துண்டு

அலிப்பூர் பழம்பொருள் காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

காணாமற்போன பொருளைத் தேடிப் பிடிப்பது எப்படி என்று உங்களுக்கு நாலு வரி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கண் சரியில்லை என்று ஐம்பது வயதிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவனிடம் தேடுவதைப் பற்றிக் கேட்கும் தைரியம் நம் அலுவலகத்துக்கு மட்டும்தான் வரும். யாருக்குக் கடிதம் போடுவது, எந்தப் பேரேட்டைப் புரட்டுவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. கண்டுபிடித்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டே தொலைப்பது எப்படி என்பது அதில் கிடையாது. அந்த வித்தையில் உங்கள் அண்ணன் தேர்ந்தவன். கேளுங்கள்.

கல்கத்தா ஜனங்கள் முதன்முதலாகக் கண்ட ஆகாய விமானங்களில் ஒன்று, டாலிகஞ்ச் மைதானத்தில் ஒரு குளிர்கால மத்தியானம் பறந்தது. அன்று நானும் போயிருந்தேன். முன்னால் நின்ற மார்வாடி கனவானின் தலைப்பாகையைத்தான் முழுதாகப் பார்த்தேன். தலைப்பாகைக்கு மேலே தும்பி மாதிரி ஏதோ ஒன்று ஏறி இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். குடை தொலைந்துபோனது.

பன்னிரண்டு வருஷம் கழித்து, அந்தத் தும்பி எங்கே என்று கண்டுபிடிக்கும் வேலை என் மேஜைக்கு வந்தது. நம் காப்பகத்தின் அன்றைய கண்காணிப்பாளர் ஒரு வெள்ளைக்காரர். துரை என்றே சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பன்னிரண்டு வயதுப் பொருள் ஒரு பழம்பொருளா, என் வீட்டு வெற்றிலைப் பெட்டிக்கே வயது இருநூறு என்றார் ஒரு ஜமீன்தார். துரை அசையவில்லை. "வெற்றிலைப் பெட்டியை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். இதைப் போடுவார்கள்" என்றார்.

தூக்கித்தான் போட்டிருந்தார்கள். பறந்த சீமான் ஊர் திரும்பியபோது விமானத்தை ஒரு சர்க்கஸ்காரனுக்கு விற்றுவிட்டார். அவன் அதில் ஒரு கிழட்டுச் சிங்கத்தை உட்கார வைத்து, பறக்கும் சிங்கம் என்று ஊர் ஊராகக் காட்டினான். இரண்டும் பறக்கவில்லை. சர்க்கஸ் படுத்தது. விமானத்தைப் பிரித்துப் பெட்டிகளில் போட்டு ரயிலேற்றியவன், எடுத்துக்கொள்ள வரவேயில்லை. நாலு மாதம் கடிதம் எழுதி, சர்க்கஸில் கோமாளியாக இருந்த ஒருவரை ஷிப்பூரில் பிடித்து, கடைசியில் சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். உரிமை கோராத சாமான்கள் கிடக்கும் கொட்டகையின் கோடியில் பெட்டிகள் இருந்தன. ஒரு பெட்டியின் பலகை உடைந்து, விமானத்தின் வயிற்றில் கோழிகள் குடியிருந்தன.

"கோழியும் உங்க காப்பகத்துக்கா?" என்றார் கூட்ஸ் பாபு.

"கோழிக்கு வயசு பத்தாது" என்றேன்.

"அப்ப சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க. விறகுன்னு ஏலத்துக்கு எழுதி வச்சிருக்கேன்."

மூன்று மாட்டு வண்டிகளில் ஹௌரா பாலம் கடந்து அலிப்பூர் கொண்டுவந்தேன். அன்று நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள், விமானத்தைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று நினைத்திருப்பார்கள்.

குழு ஒரு நிபந்தனை போட்டது. டாலிகஞ்சில் பறந்த விமானம் இதுதான் என்று, அன்று அதைத் தொட்டு வேலை செய்த ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் இடத்தை அடைக்கும் இந்தக் கட்டைகள் திரும்பவும் சாந்த்ராகாச்சிக்கே போகும். விறகு ஏலம் காத்துக்கொண்டிருந்தது. நல்லவேளையாக, அன்று விமானத்தின் கம்பிகளை முறுக்கிக் கட்டிய ஒரு வங்காளி மெக்கானிக் உயிரோடு இருந்தார். அப்போது ஒரு மோட்டார் பட்டறையில் இருந்தவர், இப்போது ஒரு சணல் ஆலையில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

இங்கேதான் நான் புகுந்தேன்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் நம்மவர்கள் என்ன செய்வோம்? சுண்ணாம்பு அடிப்போம். கல்யாணத்துக்கும் அடிப்போம், கலெக்டர் வந்தாலும் அடிப்போம். என் ரத்தத்திலும் அந்தச் சுண்ணாம்பு உண்டு. கோழி எச்சத்தைக் கழுவினேன், சரி. தூசி தட்டினேன், அதுவும் சரி. வியாழக்கிழமை இடது இறக்கையைத் திருப்பிப் போட்டபோது, அடிப்பக்கத்தில் இரண்டு முழ நீளத்துக்கு ஓர் ஒட்டு இருந்தது. வார்னிஷ் ஏறிய பழைய துணியின் மேல், சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவைத்துண்டு. யாரோ ஒரு வங்காளத்துப் பெண்பிள்ளை உடுத்திக் கிழிந்த புடவை. ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் கறை வேறு.

என் வளர்ப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அடுத்தவர் உடுத்திக் களைந்த துணியைக் கோலால்தான் எடுப்பார்கள். குழுவின் பெரிய மனிதர்களும் துரையும் நிற்கப்போகிற இடத்தில், தலைக்குமேல் ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் பழம்புடவையா? உடம்பு கூசியது.

"மிஸ்திரி, இதைப் பிரிச்சு எடுத்துட்டு நல்ல துணி ஒண்ணு வச்சுத் தைச்சிடு" என்றேன்.

நம் தச்சுப் பட்டறை மிஸ்திரி என் வயதுக்காரர். வார்த்தையைச் செலவழிக்க மாட்டார். அவரோடும் மற்றவர்களோடும் பேசினதெல்லாம் வங்காளியில்தான். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"இருந்துட்டுப் போகட்டுமே பாபு" என்றார்.

"அசிங்கமா இருக்கு."

"அது அங்கதான இருந்தது."

"நேத்து வரைக்கும் கோழியும்தான் இருந்தது."

மிஸ்திரி கத்தியை எடுத்தார். அதற்குமேல் பேசியிருந்தாலும் நான் கேட்டிருக்கவா போகிறேன்? அவர் ஒட்டைப் பிரித்தார், வேறு துணி வைத்தார். பிரித்த துண்டை நான் ஒரு குச்சியால் எடுத்துக்கொண்டு போய், பின்பக்கம் ஓடும் ஆதிகங்கையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டேன். கங்கையாயிற்றே, போட்டதும் புண்ணியம், கழுவினதும் புண்ணியம் என்ற திருப்தி.

சனிக்கிழமை காலைத் தபாலில் மெக்கானிக் பாபுவின் கடிதம் வந்தது. துரை படித்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் நீட்டினார். "இனிக் கவலை இல்லை" என்றார். அதன் சாரம் அவர் வாக்கிலேயே இது. அந்தக் காலத்தில் ஒரே வார்ப்பில் பல விமானங்கள் செய்தார்கள். கட்டையையும் கம்பியையும் பார்த்து எவனும் அடையாளம் சொல்ல முடியாது. ஆனால் டாலிகஞ்சில் இறங்கும்போது ஒரு மூங்கில் குத்தி இடது இறக்கையின் அடியில் துணி கிழிந்தது. மறுநாள் திரும்பப் பறந்தாக வேண்டும், மாற்றுத் துணி கையில் இல்லை. என் மனைவியின் சிவப்புக் கரைப் புடவையைக் கிழித்து நானே என் கையால் ஒட்டுப் போட்டேன். அந்த ஒட்டு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவேன். இல்லையென்றால் இட மாட்டேன். கடைசியில் ஒரு வரி: என் மனைவியும் அதைப் பார்க்க வருகிறாள்.

கடிதத்தைத் துரையிடம் திருப்பிக் கொடுத்தேன். "மிக்க மகிழ்ச்சி, சார்" என்று என் வாய் சொன்னது.

வாசற்படி இறங்கும்வரை நடந்தேன். பிறகு ஓடினேன். ஆதிகங்கையில் ஏற்றம் இறக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியும். நான் போன நேரம் நீர் வற்றி முழங்கால் சேறு. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லி வளர்த்த என் தகப்பனார் பார்த்திருக்க வேண்டும். வைக்கோல் படகு ஒன்று கரையோரம் நின்றிருந்தது. படகுக்காரர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"என்ன தேடுறீங்க பாபு?"

"ஒரு புடவை."

"யாரோடது?"

"தெரியாது. வியாழக்கிழமை நான்தான் போட்டேன்."

அவர் பீடிப் புகையை உள்ளே இழுத்து யோசித்தார். "வீட்டுல சம்சாரம் இருக்காங்களா?"

"இருக்கா."

"அப்ப கரை ஏறுங்க. ரெண்டு நாளைக்கு முன்னால போட்டது இந்நேரம் ஹூக்ளியில இருக்கும். ஆளு தெரியாத புடவைக்காகச் சேத்துல நிக்காதீங்க, பார்க்கிறவங்க தப்பா நினைப்பாங்க."

ஏறினேன். ஒரு செருப்பை ஆதிகங்கை வைத்துக்கொண்டது. மற்றதையும் அவளுக்கே கொடுத்துவிட்டு பவானிபூரில் என் வீடு வரை வெறுங்காலோடு நடந்தேன். வழியில் காளிகாட்டில் நுழைந்து காளியிடம் பேரம் பேசினேன். மெக்கானிக் பாபுவுக்கு ஒரு வாரம் ஜுரம் வரட்டும், லேசான ஜுரம் போதும் என்று கேட்டுக்கொண்டேன். வெளியே வந்ததும் வெட்கமாகிவிட்டது. திரும்ப உள்ளே போய் அதை ரத்து செய்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு மூளை வேலை செய்தது. பயந்தவன் மூளை வேலை செய்வதைப்போல ஆபத்து வேறில்லை. பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மாள் பூஜைக்கு என் மனைவிக்குச் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை ஒன்று கொடுத்திருந்தார். பெட்டியைத் திறந்தேன்.

"ஏன்னா, கத்திரிக்கோலும் கையுமா என் பெட்டியண்ட என்ன பண்றேள்?" என்று குரல் வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவள் அடுப்படி வேலையை விட்டு வந்து உட்கார்ந்து முழுவதும் கேட்டாள்.

"அந்த மாமி தன் புடவையைப் பார்க்கத்தானே வரா?"

"ஆமா."

"பன்னெண்டு வருஷம் ஆனாலும் தான் கட்டிண்ட புடவை ஒரு பொம்மனாட்டிக்குத் தெரியாதா?"

"டீயில நனைச்சுப் பழசாக்கிடலாம்னு இருக்கேன்."

"பேஷ். ரெண்டு புடவையைப் பாழாக்கினவர்னு பேர் கிடைக்கும். எடுத்துண்டு போங்கோ, நான் தடுக்கலை" என்று எழுந்து போய்விட்டாள்.

தடுத்திருந்தால் சண்டை போட்டு எடுத்துப் போயிருப்பேன். தடுக்காததால் கத்திரிக்கோலை வைத்துவிட்டு, வெட்டாத புடவையாகவே திங்கட்கிழமை காலை மிஸ்திரியிடம் கொண்டுபோனேன். முடிவு பண்ணும் சுமையை அவர் தலையில் வைக்கலாம் என்ற நப்பாசை.

மிஸ்திரி புடவையை வாங்கி முகர்ந்து பார்த்தார். "நாப்தலின் வாசனை அடிக்குது" என்றார். பிறகு, "தைச்சுத் தரேன் பாபு. நீங்க சொன்னா செய்யறது என் வேலை. ஆனா ஓரத்துல இன்னிக்குத் தேதியைப் போட்டு, இன்னார் சொல்லி இன்னார் தைச்சதுன்னு எழுதுவேன். நான் எந்த வேலை செஞ்சாலும் அப்படித்தான் எழுதறது" என்றார்.

"அப்படி எழுதினா எதுக்குத் தைக்கிறது?"

"அதான்" என்றார் மிஸ்திரி. புடவையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு இழைப்புளியை எடுத்தார்.

மணி பத்து. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன். ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் எழுதிப் பார்த்தேன், அதில் மூன்றாவது வரியில் என் திறமையைப் பற்றி ஒரு பாராட்டு வந்துவிட்டது. கிழித்தேன், மனசுக்குள்தான். ஒரு பொய் ஒட்டைப் போட்டு அதைக் காட்டி ஒரு மனிதரிடம் கையெழுத்து வாங்கினால், நாளைக்கு இந்த விமானம் நிஜமானதாகவே இருந்தாலும், அதன் மேல் நான் வைத்தது பொய்யாகவே இருக்கும். அப்புறம் வேறு எவன் எந்த மூலையில் என்ன வைத்தான் என்று யார் நம்புவார்கள்? இதை நான் அன்று இவ்வளவு கோர்வையாக நினைக்கவில்லை. பயத்தில் இருந்தேன். துரையின் அறைக்குப் போகும் பாதைதான் வாசலுக்குப் போகும் பாதையும் என்பதால் கால் அந்தப் பக்கம் போனது. பாதி வழியில் திரும்பி உள்ளே நுழைந்துவிட்டேன்.

சொன்னேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "வருகிறவர்களிடம் நீயே சொல்."

சரியாகப் பதினொரு மணிக்கு அவர்கள் குதிரை வண்டியில் வந்து இறங்கினார்கள். மெக்கானிக் பாபு கஞ்சி போட்ட வேட்டியும் கறுப்புக் கோட்டுமாக இருந்தார். மனைவி தலையில் முந்தானை போட்டு, வெற்றிலை மென்றுகொண்டு, பட்டறைக்குள் எல்லாவற்றையும் கணக்கெடுப்பதுபோலப் பார்த்தார். அண்ணியை அங்கே பௌதி என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். உட்காரச் சொல்லி, நின்றபடியே நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். குச்சியால் எடுத்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு அதையும் சொன்னேன்.

மெக்கானிக் பாபுவின் முகம் சிவந்தது. "நீங்க படிச்சவர்தானே மொஷாய்?" என்றார். மொஷாய் என்றால் ஐயா.

"ஆமாம்."

"அந்த ஒட்டை நம்பித்தான் மறுநாள் ஒரு மனுஷன் மேல ஏறினான். அவன் இறங்குற வரைக்கும் நான் மூச்சு விடலை. அதை நீங்க குச்சியால எடுத்துச் சாக்கடையில போட்டிருக்கீங்க." துரையைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்தார். "மன்னிக்கணும். ஒட்டு இல்லை, கையெழுத்தும் இல்லை. இது அந்த விமானமாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

முடிந்தது. நாலு மாதத் தேடலும் சாந்த்ராகாச்சி விறகு ஏலத்துக்குப் போகிறது என்று நினைத்தேன்.

பௌதி எழுந்திருக்கவில்லை. "வந்தது வந்தோம், இறக்கையைப் பார்த்துட்டுப் போவோம்" என்றார்.

"அதுல என்ன இருக்கு பார்க்க?"

"பன்னிரண்டு வருஷமா ஊரெல்லாம் நீங்க சொல்லிட்டு வர்ற கதை. நான் இன்னிக்கித்தான் பார்க்க வந்திருக்கேன். இருங்க."

மிஸ்திரி இறக்கையைத் திருப்பிப் போட்டார். நான் வைக்கச் சொன்ன புதுத் துணி, ஓரத்தில் மிஸ்திரி எழுதிய வியாழக்கிழமைத் தேதியோடு, பளிச்சென்று இருந்தது. மிஸ்திரி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, நாலு மூலையிலும் ஒவ்வொரு நூலை அறுத்தார். துணி முழுதாக அவர் கையோடு வந்துவிட்டது.

"நாலு முடிச்சுதானா போட்டே?" என்றேன்.

"வச்சுத் தைன்னு சொன்னீங்க. எவ்வளவுன்னு சொல்லலை. பசை போடலை, அடியில சுரண்டவும் இல்லை. எடுக்க வேண்டி வந்தா எடுக்கணுமே" என்றார் மிஸ்திரி.

தம்பிகளா, கையேட்டின் முதல் பக்கத்தில் நீங்கள் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டியது அந்த நாலு முடிச்சுதான். நாம் செய்வது தப்பாக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றாதபோதும், திரும்பப் பிரிக்கிற மாதிரியே செய்யுங்கள். மேலதிகாரி மடையனாக இருக்கும்போது இன்னும் கவனமாகச் செய்யுங்கள். அன்று மேலதிகாரி நான்.

பழைய துணியில் மூங்கில் கிழித்த வாய் தெரிந்தது. அதைச் சுற்றி, ஒட்டு இருந்த இடம் மட்டும் வார்னிஷ் மங்காமல் வெளிறி நின்றது. பௌதி குனிந்து விரலால் தடவினார். வெளிச்சத்துக்கு நேராக இறக்கையைத் தூக்கச் சொன்னார். தூக்கிப் பிடித்ததும் ஊசித்துளைகள் தெரிந்தன. ஓரத்தில் மட்டும் இல்லை. கிழிசலைச் சுற்றி உள்ளே வரிவரியாக, அரிசி மணி அளவு இடைவெளி விட்டு, ஓடி ஓடிப் போகும் துளைகள். நம் ஊர்ப் பெண்கள் கோலப் புள்ளி வைப்பதுபோல அத்தனை ஒழுங்கு. வங்காளத்து வீடுகளில் பழம்புடவைகளை அடுக்கிக் காந்தா என்று குழந்தைகளுக்குப் போர்வை தைப்பார்களே, அந்தத் தையல்.

பௌதி நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

"கடுதாசியில யார் தைச்சதுன்னு எழுதினீங்க?"

மெக்கானிக் பாபு கோட்டுப் பொத்தானைத் தேடினார். "அது... நான் கூட இருந்தேனே."

"கூட இருந்தீங்க. லாந்தரைப் பிடிச்சுக்கிட்டு, சீக்கிரம் சீக்கிரம்னு கத்திக்கிட்டு இருந்தீங்க. நீங்க போட்ட தையல் ஒரு விரக்கடைக்குள்ள பிய்ஞ்சு போச்சு. அதைப் பிரிச்சுட்டு மூணு மணி நேரம் தைச்சது யாரு?"

"நீதான்."

"சத்தமா சொல்லுங்க, துரைக்குக் கேக்கணும்."

"இவள்தான் தைத்தாள்" என்றார் மெக்கானிக் பாபு, இங்கிலீஷில். துரை தலையைக் குனிந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்க அவருக்கு அது வழக்கம்.

பௌதி துளைகளின் கடைசி வரியில் விரலை வைத்தார். "இங்க பாருங்க, இந்த ஓரத்துல வரிசை வளைஞ்சு போகுது. நூல் தீர்ந்துடுச்சு, மிச்சம் பிடிக்க வளைச்சேன். இது என் கை. வேற எவ கையும் இல்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "புடவை போனா போகட்டும் தம்பி. அன்னிக்கே போனதுதான் அது. பதிலுக்குப் புதுசு வாங்கித் தரேன்னு சொன்னார், இன்னும் கடை திறக்கலை போல."

மெக்கானிக் பாபு உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துளைகளை ஒருமுறை தானும் தடவிப் பார்த்துவிட்டு, கையெழுத்திட்டார்.

துரை பதிவேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். நடந்ததை நடந்தபடி, என் கையாலேயே எழுதச் சொன்னார். இடது இறக்கை, அடிப்பக்கம், புடவைத்துணி ஒட்டு, காந்தா தையல் என்று எழுதினேன். தைத்தவர் இன்னாரின் மனைவி என்று எழுதப் போனபோது பௌதி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "எனக்குப் பேர் இருக்கு" என்றார். பேரைச் சொன்னார். எழுதினேன். அடுத்து, ஒட்டு இப்போது இல்லை, இப்பதிவை எழுதுபவரால் அகற்றப்பட்டு ஆதிகங்கையில் எறியப்பட்டது என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"எழுதுபவர்னா யாருன்னு நாளைக்கு எப்படித் தெரியும்?" என்றார் பௌதி.

துரையைப் பார்த்தேன். அவர் மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தினார்.

அந்தப் பதிவேடு இன்னும் நம் காப்பகத்தில் இருக்கிறது. விமானமும் இருக்கிறது. அதற்கு யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை என்று போன வாரம் விசாரித்து அறிந்தேன். இருபத்து நாலு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். நான் தேடிக் கொண்டுவந்த பொருள்களின் அட்டைகளில் காப்பகத்தின் பேர்தான் இருக்கும், அதுதான் வழக்கம். என் பேர் அங்கே ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. தைத்தவளின் பேருக்குக் கீழே, பிய்த்தவன் என்று. எழுத்து கோணல். அவள் பேர், பாருங்கள், நேராக இருக்கும்.